பங்குதாரருக்கு லாபம், வாடிக்கையாளருக்கு வாடகையா?

2025-ம் ஆண்டு அக்டோபர் 14-ந் தேதியோடு 'விண்டோஸ் 10' கம்ப்யூட்டர்களுக்குக் கொடுத்து வந்த இலவசப் பராமரிப்பை மைக்ரோசாப்ட் நிறுவனம் நிறுத்திக் கொண்டது. நம் உறுப்பினர்கள் பலருடைய கடைகளில் பில் போடும் கம்ப்யூட்டர் ஓடுவது இந்த விண்டோஸ் 10-ல்தான். மெஷின் நின்றுவிடவில்லை, பில்லும் வருகிறது. ஆனால், புதிது புதிதாகக் கிளம்பும் வைரஸ்களுக்கு மாற்று மருந்து இனி தானாக வந்து சேராது. "நன்றாக ஓடுகிற கம்ப்யூட்டரை எதற்காக மாற்ற வேண்டும்?" என்று கேட்கும் வியாபாரிக்கு யாரும் நேரான பதில் சொல்வதில்லை.

அதே 2025-ம் ஆண்டு ஜூன் 30-ல் முடிந்த கணக்காண்டில் அந்த நிறுவனத்தின் விற்றுவரவு 28,170 கோடி டாலர். வரி போக நின்ற நிகர லாபம் 10,180 கோடி டாலர். அதாவது நூறு ரூபாய்க்கு விற்றால் 36 ரூபாய் நிற்கிறது. சர்க்கரையும் எண்ணெயும் விற்று, நூற்றுக்கு இரண்டு மூன்று நின்றாலே பெரிது என்றிருக்கும் நமக்கு இந்தக் கணக்கு மலைப்பைத் தருகிறது.

இவ்வளவு லாபம் பார்க்கும் நிறுவனம் முதல் போட்ட பங்குதாரரைத் திருப்தி செய்கிறதா? காசு கொடுத்து வாங்கிய வாடிக்கையாளரைத் திருப்தி செய்கிறதா? இரண்டும் ஒன்றுதான் என்று நாம் சாதாரணமாக நினைக்கிறோம். வாடிக்கையாளர் திருப்தியாக இருந்தால் வியாபாரம் பெருகும், வியாபாரம் பெருகினால் முதல் போட்டவருக்கு லாபம் வரும் என்பது நம் தொழிலின் பாலபாடம். மைக்ரோசாப்டின் 50 ஆண்டுக் கதையைப் பார்த்தால் அந்தப் பாடம் அங்கே அப்படியே பொருந்தவில்லை. அங்கே சேர்ந்து கேட்டவர்களுக்குக் கிடைத்திருக்கிறது. தனித்தனியாக நின்றவர்களுக்குக் கிடைக்கவில்லை என்பது நமது கருத்து.

பங்கு வாங்கியவர் கதை

1975-ம் ஆண்டு பில் கேட்ஸ், பால் ஆலன் என்ற இரு நண்பர்கள் கூட்டாகத் தொடங்கிய தொழில் இது. 1986 மார்ச் 13-ல் பொதுமக்களுக்குப் பங்கு வெளியிட்டார்கள். ஒரு பங்கின் விலை 21 டாலர். அதற்குப் பிறகு 2003-க்குள் 9 தடவை பங்கைப் பிரித்துக் கொடுத்ததில், அன்று வாங்கிய ஒரு பங்கு 288 பங்காகிவிட்டது. 2024 ஜனவரியில் ஒரு பங்கு 400 டாலரைத் தாண்டியது. அந்த விலைக்கு 288 பங்கின் மதிப்பு 1,15,200 டாலர். முதலில் வாங்கி, விற்காமல் வைத்திருந்தவருக்குக் குறை சொல்ல எதுவும் இல்லை.

ஆனால், நடுவில் வாங்கியவர் பட்ட பாடு வேறு. 1999 டிசம்பரில், பின்னால் நடந்த பிரிப்பையும் கழித்துப் பார்த்தால், பங்கு விலை 60 டாலரை ஒட்டி இருந்தது. 2009 மார்ச்சில் அது 15 டாலர் அளவுக்கு இறங்கியது. பழைய உச்சத்தை மறுபடி தொட 2016 அக்டோபர் வரை ஆயிற்று. சுமார் 17 ஆண்டுகள்! லாபப் பங்கு கொடுக்கும் வழக்கமே 2003-ல்தான் தொடங்கியது. 2004 டிசம்பரில் பங்குக்கு 3 டாலர் வீதம் சுமார் 3,200 கோடி டாலரை ஒரே தடவையில் கொடுத்தார்கள். அப்போதும் பங்கு விலை எழவில்லை.

வியாபாரம் படுத்துவிட்டதா என்றால் அதுவும் இல்லை. ஸ்டீவ் பால்மர் 2000 ஜனவரியிலிருந்து 2014 பிப்ரவரி வரை தலைமை நிர்வாகியாக இருந்தார். 2000-ம் கணக்காண்டில் சுமார் 2,300 கோடி டாலராக இருந்த விற்றுவரவு 2013-ல் சுமார் 7,800 கோடி டாலராக உயர்ந்தது. லாபமும் இரண்டு மடங்குக்கு மேல் கூடியது. ஆனால், வந்த பணத்தைப் போட்ட இடங்கள் சரியில்லை. 2007-ல் சுமார் 630 கோடி டாலருக்கு வாங்கிய 'ஏகுவான்டிவ்' என்ற விளம்பரக் கம்பெனிக்காக 2012-ல் 620 கோடி டாலரை நஷ்டக் கணக்கில் எழுதினார்கள். பங்கு வெளியிட்ட நாள் முதல் அந்த நிறுவனம் காலாண்டு நஷ்டம் காட்டியது அதுதான் முதல் தடவை.

அடுத்தது நோக்கியா. அதன் கைபேசித் தொழிலை வாங்க 2013 செப்டம்பரில் ஒப்பந்தம் போட்டு, 2014 ஏப்ரலில் முடித்து, 2015 ஜூலையில் 760 கோடி டாலரை நஷ்டமாக எழுதினார்கள். இந்தக் கதையில் நம் ஊருக்கும் பங்குண்டு. வரி வழக்கின் காரணமாக நோக்கியாவின் ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலை அந்த விற்பனையில் சேராமல் நின்றது. 2014 நவம்பர் 1-ல் உற்பத்தியை நிறுத்தியது. ஆயிரக்கணக்கான பேருக்குச் சம்பளம் நின்றால் சுற்று வட்டார மளிகைக் கடைகளின் கல்லா என்ன ஆகும் என்பதை நம் உறுப்பினர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

பங்குதாரர்கள் இதையெல்லாம் பார்த்துக் கொண்டு சும்மா இருக்கவில்லை. 'வேல்யூஆக்ட்' என்ற முதலீட்டு நிறுவனம் 2013-ல் சுமார் 200 கோடி டாலருக்குப் பங்கு வாங்கியது. மொத்தப் பங்கில் இது நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. ஆனாலும் அந்த நிறுவனத்தின் அழுத்தத்துக்கு மதிப்பு இருந்தது. 2013 ஆகஸ்டில் பால்மர் ஓய்வு பெறப் போவதாக அறிவித்தார். அன்று பங்கு விலை 7 சதவீதம் ஏறியது. 2014 மார்ச்சில் வேல்யூஆக்ட் தலைவருக்கு இயக்குநர் குழுவில் இடமும் கிடைத்தது.

ஹைதராபாத்தில் பிறந்த சத்யா நாதெள்ளா 2014 பிப்ரவரியில் பொறுப்பேற்றபோது நிறுவனத்தின் சந்தை மதிப்பு சுமார் 30,000 கோடி டாலர். 2019 ஏப்ரலில் அது ஒரு லட்சம் கோடி டாலரைத் தொட்டது. 2024 ஜனவரியில் மூன்று லட்சம் கோடி. ஆகவே பங்குதாரர் விஷயத்தில் நம் பதில் தெளிவானது. நெடுநாள் குறைப்பட்டார்கள், சேர்ந்து நின்று கேட்டார்கள், கிடைத்தது.

வாடிக்கையாளர் ஏன் வெளியே போகவில்லை?

வாடிக்கையாளர்களும் இந்தக் காலத்தில் குறைப்பட்டுக் கொண்டுதான் இருந்தார்கள். 2007-ல் வந்த 'விஸ்டா' பலருக்குப் பிடிக்கவில்லை, பழைய எக்ஸ்.பி.யே போதும் என்றார்கள். 2012-ல் வந்த 'விண்டோஸ் 8', எல்லோருக்கும் கைப்பழக்கமாகிவிட்ட 'ஸ்டார்ட்' பொத்தானையே எடுத்துவிட்டது. அதைத் திருப்பி வைக்க ஓராண்டு ஆயிற்று. இத்தனைக்கும் நடுவில்தான் விற்றுவரவு மூன்று மடங்குக்கு மேல் பெருகியது.

நம் கடையில் பருப்பு சரியில்லை என்றால் வாடிக்கையாளர் நாளைக்கு எதிர்க்கடைக்குப் போவார். விண்டோஸ் பிடிக்காதவர் அப்படிப் போக முடியவில்லை. காரணத்தை அமெரிக்க நீதிமன்றமே எழுதி வைத்திருக்கிறது. 1998-ல் அமெரிக்க அரசு தொடுத்த வழக்கில் நீதிபதி தாமஸ் பென்ஃபீல்ட் ஜாக்சன் 1999 நவம்பரில் கொடுத்த முடிவின் சாரம் இது: மக்கள் விண்டோஸ் வாங்குவது தங்களுக்குத் தேவையான புரோகிராம்கள் அதில் ஓடுவதால், புரோகிராம் எழுதுபவர்கள் விண்டோஸுக்கு எழுதுவது மக்கள் அங்கே இருப்பதால். வேறொருவர் நல்ல சரக்கோடு வந்தாலும் இந்தச் சுற்றை உடைத்துக் கொண்டு உள்ளே வர முடியாது.

மண்டி வைத்திருப்பவர்களுக்கு இது எளிதில் புரியும். வாங்குபவர்கள் வருவதால் விற்பவர்கள் வருகிறார்கள். விற்பவர்கள் வருவதால் வாங்குபவர்கள் வருகிறார்கள். பக்கத்து ஊரில் புது மார்க்கெட் கட்டிக் கொடுத்தாலும் பழைய மார்க்கெட் கலையாது. நம்மையே எடுத்துக் கொள்வோம். 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்த பிறகு சின்னக் கடைக்காரரும் கம்ப்யூட்டர் கணக்குக்கு மாறினார். நம்மில் பலர் கணக்கு எழுதும் 'டேலி' ஓடுவது விண்டோஸில். வருடக் கணக்கான பற்று வரவு அதில் இருக்கிறது. விண்டோஸை விட்டுப் போவது என்பது கணக்குப் புத்தகத்தையும், அது தெரிந்த கணக்குப்பிள்ளையையும் சேர்த்து மாற்றுவதாகும். இதனால்தான் முகம் சுளித்தாலும் வாடிக்கையாளர் அங்கேயே இருக்கிறார். அதைத் திருப்தி என்று கணக்கில் எழுதக் கூடாது.

கட்டிக் கொடுக்கும் சரக்கு

நன்றாக ஓடும் சோப்பு ஐந்து பெட்டி வேண்டுமானால் ஓடாத பவுடர் ஒரு பெட்டியும் சேர்த்து எடுத்தாக வேண்டும் என்று ஏஜென்சிக்காரர் நிற்பது நமக்குப் பழகிய சங்கதி. மைக்ரோசாப்டின் வியாபார முறையில் இந்த வாசனை ஆரம்பம் முதலே உண்டு.

ஒரு காலத்தில், கம்ப்யூட்டர் தயாரிப்பாளர் விற்கும் ஒவ்வொரு மெஷினுக்கும் மைக்ரோசாப்டுக்குப் பணம் கட்ட வேண்டும் என்று ஒப்பந்தம் இருந்தது. அந்த மெஷினில் வேறு கம்பெனியின் சரக்கைப் போட்டு விற்றாலும் கட்ட வேண்டும்! கடையில் எந்தக் கம்பெனி சோப்பு விற்றாலும் ஒரே கம்பெனிக்குக் கமிஷன் கட்டுவது போன்றது இது. 1994-ல் அமெரிக்க அரசு தலையிட்ட பிறகே இந்த முறை நின்றது.

அடுத்து, இன்டர்நெட் பார்க்கும் 'எக்ஸ்புளோரர்' சாப்ட்வேரை விண்டோஸோடு கட்டிக் கொடுத்து, 'நெட்ஸ்கேப்' என்ற போட்டிக் கம்பெனியை ஒதுக்கியது. 1998 வழக்கின் மையம் இதுதான். நிறுவனத்தை இரண்டாகப் பிரிக்க 2000 ஜூனில் உத்தரவானது. 2001 ஜூனில் மேல்முறையீட்டு நீதிமன்றம் பிரிக்கும் உத்தரவை ரத்து செய்தது. ஆனால் ஏகபோகத்தைக் காப்பாற்றிக் கொள்ளச் சட்டவிரோதமாக நடந்தது உண்மை என்பதை உறுதி செய்தது. ஐரோப்பாவில் வேறு பிரவுசரைத் தேர்ந்தெடுக்க வாய்ப்புக் கொடுப்பதாக 2009-ல் வாக்குக் கொடுத்துவிட்டு அதைக் காப்பாற்றாததால் 2013-ல் 56.1 கோடி யூரோ அபராதம் விழுந்தது. 'டீம்ஸ்' சாப்ட்வேரை ஆபீஸோடு கட்டிக் கொடுத்த விஷயத்தில் போட்டிக் கம்பெனி 2020-ல் புகார் கொடுத்தது. அது இல்லாமல் குறைந்த விலையில் ஆபீஸ் விற்பது என்ற உறுதிமொழியை ஐரோப்பிய ஆணையம் 2025 செப்டம்பரில் எழுதி வாங்கியது.

கடைசியாக வந்தது 'கோபைலட்'. 2011-ல் 'ஆபீஸ் 365' என்று மாதச் சந்தா முறை வந்ததிலிருந்து, ஒரு தடவை பணம் கொடுத்து வாங்கி வைத்துக் கொள்ளும் பழக்கம் குறைந்து வருகிறது. தராசை விலைக்கு வாங்காமல் மாதா மாதம் வாடகை கட்டுவது போன்ற ஏற்பாடு இது. வாடகையை எப்போது ஏற்றுவது என்பது தராசுக்குச் சொந்தக்காரர் கையில். 2025 ஜனவரியில் அமெரிக்காவில் வீட்டுச் சந்தாவோடு கோபைலட்டைச் சேர்த்து மாதத்துக்கு 3 டாலர் ஏற்றினார்கள். தனிநபர் சந்தா 6.99 டாலரிலிருந்து 9.99 ஆனது.

ஆஸ்திரேலியாவிலும் இதே கட்டுதான். கோபைலட் இல்லாத பழைய திட்டம் பழைய விலைக்கே இருந்தும், அதைச் சொல்லாமல், கூடுதல் விலை கொடு அல்லது ரத்து செய் என்று 27 லட்சம் வாடிக்கையாளர்களுக்குத் தெரிவித்ததாக அந்நாட்டு நுகர்வோர் ஆணையம் 2025 அக்டோபரில் வழக்குப் போட்டது. ரத்து செய்யப் போனால்தான் அந்தத் திட்டம் கண்ணில் படும் என்பது குற்றச்சாட்டு. அடுத்த மாதமே நிறுவனம் மன்னிப்புக் கேட்டு, பணத்தைத் திருப்பித் தரவும் முன்வந்தது.

நல்லதையும் சொல்ல வேண்டும்

எடை போடும்போது இரண்டு தட்டையும் பார்ப்பது நம் தர்மம். 2001-ல் வந்த எக்ஸ்.பி.க்கு 2014 ஏப்ரல் வரை, பன்னிரண்டு ஆண்டுக்கு மேல் பராமரிப்புக் கொடுத்தார்கள். பத்து வருஷத்துக்கு முந்தைய புரோகிராம்கூடப் பெரும்பாலும் புது விண்டோஸில் ஓடுகிறது. 2015-ல் விண்டோஸ் 10-ஐப் பழையவர்களுக்கு இலவசமாகவே கொடுத்தார்கள். விண்டோஸ் 2000-ல் 'லதா' எழுத்துருவோடு யூனிகோட் தமிழ் வந்ததும் நமக்கு உதவிய காரியம்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இன்றைய மைக்ரோசாப்டின் பெரிய வளர்ச்சி, பெரிய கம்பெனிகளுக்குக் கம்ப்யூட்டர் வசதியை வாடகைக்கு விடும் 'அசூர்' பிரிவில் இருக்கிறது. 2025-ம் கணக்காண்டில் அதன் வரவு 7,500 கோடி டாலரைத் தாண்டியது. அங்கே அமேசானும் கூகுளும் எதிர்க்கடை போட்டிருக்கின்றன. பெரிய வாடிக்கையாளர் பேரம் பேசுகிறார். நல்ல கவனிப்பும் பெறுகிறார். எதிர்க்கடை இருக்கும் இடத்தில் இதே நிறுவனம் வாடிக்கையாளரைத் தாங்குகிறது. மேஜை மேல் ஒரு கம்ப்யூட்டர் வைத்திருக்கும் சின்ன வியாபாரிக்குத்தான் அந்தக் கவனிப்பு இல்லை.

ஐரோப்பாவில் நடந்தது

விண்டோஸ் 10 விஷயத்துக்கு வருவோம். அடுத்ததாகிய விண்டோஸ் 11-க்கு 'டி.பி.எம். 2.0' என்ற பாதுகாப்பு வசதியும், குறிப்பிட்ட புதிய பிராசசர்களும் தேவை என்று 2021-ல் விதித்தார்கள். சுமார் 2018-க்கு முன் வாங்கிய பெரும்பாலான கம்ப்யூட்டர்கள் இதில் தேறாது. தேறாதவர்களுக்கு இன்னும் ஓராண்டு, 2026 அக்டோபர் வரை, பாதுகாப்புப் பராமரிப்பு உண்டு என்றார்கள். தனிநபருக்குக் கட்டணம் 30 டாலர். கட்டணம் வேண்டாம் என்றால் கம்ப்யூட்டர் அமைப்புகளின் நகலை அவர்களுடைய இன்டர்நெட் கிடங்கில் ஏற்ற வேண்டும். அல்லது அவர்களுடைய பரிசுப் புள்ளிகள் ஆயிரம் சேர்த்திருக்க வேண்டும். நிறுவனங்களுக்கு ஒரு மெஷினுக்கு முதல் ஆண்டு 61 டாலர். அடுத்தடுத்த ஆண்டில் இரட்டிப்பு. மூன்று ஆண்டுக்குக் கணக்குப் போட்டால் 427 டாலர். அந்தப் பணத்தில் புது கம்ப்யூட்டரே வாங்கிவிடலாம்.

இதை எதிர்த்து பெல்ஜியம், இத்தாலி, ஸ்பெயின், போர்ச்சுகல் நாடுகளின் நுகர்வோர் அமைப்புகள் சேர்ந்த 'யூரோகன்ஸ்யூமர்ஸ்' கடிதம் எழுதியது. ஐரோப்பியச் சட்டத்தைச் சுட்டிக் காட்டியது. 2025 செப்டம்பரில் ஐரோப்பியப் பொருளாதார வட்டாரத்தின் தனிநபர்களுக்கு மட்டும் அந்த ஓராண்டுப் பராமரிப்பைக் கட்டணமும் நகல் நிபந்தனையும் இல்லாமல் தருவதாக நிறுவனம் இறங்கி வந்தது. மைக்ரோசாப்ட் கணக்கில் பதிந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை மட்டும் நின்றது.

அதே சரக்கு, அதே கம்பெனி. ஐரோப்பியருக்கு ஒரு விதி, மற்றவர்களுக்கு வேறு விதி. வித்தியாசம், அங்கே சேர்ந்து கேட்டார்கள் என்பதுதான். வேல்யூஆக்ட் இயக்குநர் குழுவில் இடம் பிடித்ததும், ஐரோப்பிய நுகர்வோர் சலுகை பெற்றதும் ஒரே வழியில்தான்.

நாம் செய்ய வேண்டியவை

தனி உறுப்பினர்கள் உடனே செய்ய வேண்டிய சில காரியங்கள் உண்டு. புது கம்ப்யூட்டர் வாங்குமுன், இருப்பது விண்டோஸ் 11-க்குத் தேறுமா என்று பாருங்கள். அதைச் சோதிக்கும் புரோகிராமை மைக்ரோசாப்டே இலவசமாகத் தருகிறது. தேறினால் மாற்றவும் காசு இல்லை. தேறாத மெஷினில் இன்டர்நெட் வேலையையும் பேங்க் வேலையையும் வைத்துக் கொள்ளாதீர்கள். கணக்கின் நகலைத் தினமும் கடை சாத்தும் முன் பென் டிரைவில் எடுத்து, ஒன்றைக் கடையிலும் ஒன்றை வீட்டிலும் வையுங்கள். விலைப்பட்டியலும் கடிதமும் அடிக்க மட்டும் ஆபீஸ் வேண்டுமானால் 'லிப்ரே ஆபீஸ்' இலவசமாகவே கிடைக்கிறது. விலை கொடுத்துத்தான் வாங்குவதென்றால், சந்தா இல்லாத 'ஆபீஸ் 2024' இருக்கிறது என்பதையும் விற்பவரிடம் கேளுங்கள். எதை வாங்கினாலும் பில்லோடு வாங்குங்கள். திருட்டுக் காப்பி வைத்திருப்பவர் நாளைக்கு நியாயம் கேட்க முடியாது.

சங்கங்கள் செய்ய வேண்டியது இதைவிடப் பெரிது. ஐரோப்பாவுக்குக் கொடுத்த சலுகையை இந்தியச் சிறு வியாபாரிக்கும் கொடுக்க வேண்டும். எத்தனை ஆண்டுக்குப் பராமரிப்பு என்பதை, பிஸ்கட் பாக்கெட்டில் காலாவதித் தேதி அச்சிடுவது போல, விற்கும்போதே கம்ப்யூட்டர் பெட்டியின் மேல் அச்சிட வேண்டும். விலையேற்றம் வரும்போது, பழைய திட்டம் இருக்குமானால் அதையும் பக்கத்திலேயே காட்ட வேண்டும். இந்த மூன்று கோரிக்கைகளையும் மத்திய நுகர்வோர் துறைக்கும் இந்தியப் போட்டி ஆணையத்துக்கும் எல்லாச் சங்கங்களும் ஒரே கடிதமாக அனுப்ப வேண்டும். வியாபாரத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் அல்ல என்று தட்டிக் கழிக்கப் பார்ப்பார்கள். சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டும் வாங்கியவரை 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நுகர்வோராகவே ஏற்கிறது என்பதை நினைவில் வைக்க வேண்டும். கணக்கு சாப்ட்வேர் தயாரிப்பாளர்களிடமும், விண்டோஸ் இல்லாத மெஷினில் முழுதாக ஓடும் சரக்கைக் கேட்க வேண்டும். அது வந்தால்தான் நமக்கு எதிர்க்கடை பிறக்கும்.

எடைக்கல் முத்திரையிலிருந்து விற்பனை வரி வரை நம் சிரமங்களைத் தனித்தனியாகச் சொல்லித் தீர்த்துக் கொண்டவர்கள் நாம் அல்ல. கம்ப்யூட்டரும் இன்று கடைச் சாமான்தான். அதற்கும் சங்கத்தின் வழியாகவே குரல் கொடுப்போம். தங்கள் கடையில் விண்டோஸ் 10 மெஷின் எத்தனை இருக்கிறது, அதில் எத்தனை தேறவில்லை என்ற கணக்கை உறுப்பினர்கள் சங்க அலுவலகத்துக்கு ஒரு தபால் அட்டையிலாவது எழுதி அனுப்பும்படி கேட்டுக் கொள்கிறோம். கடிதம் எழுதும்போது கையில் எண்ணிக்கை இருந்தால்தான் பேச்சுக்கு மதிப்பு இருக்கும்.